வலிக்கு யார் சாட்சி?

கோபால்ட், குரோமியம், டைட்டானியம். நடுவில் வழுக்கிக்கொண்டு போக ஒரு பாலிஎத்திலீன் தகடு. மூட்டு மாற்று ஆபரேஷனில் நம் முட்டிக்குள் வைக்கிற சமாசாரம் இவ்வளவுதான். இதில் எதற்கும் நரம்பு கிடையாது. வீட்டு கேட்டுக்கு எப்படி வலிக்காதோ, அப்படி இதற்கும் வலிக்காது. ஆனால், இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர், பல மாதங்கள் கழித்தும் 'வலிக்குது' என்கிறார்.

எது வலிக்கிறது?

பார்த்தால் டாக்டர்கள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டிய கேள்வி மாதிரி தெரியும். கொஞ்சம் உள்ளே போனால், இது நம் வீட்டுக் கேள்வி. ஒருவர் 'வலிக்குது' என்று சொல்லும்போது, அதை நாம் எந்த ஆதாரத்தை வைத்து நம்புகிறோம்? எந்த ஆதாரம் இல்லாதபோது நம்ப மறுக்கிறோம்? மறுக்க நமக்கு உரிமை இருக்கிறதா?

முதலில் அந்த ஐந்தில் ஒருவரைப் பற்றி. மற்ற நான்கு பேருக்கு இந்த ஆபரேஷன் ஒரு வரப்பிரசாதம். அதில் சந்தேகமே வேண்டாம். மாடிப்படியை மறந்தவர்கள் மாடி ஏறுகிறார்கள். கோயில் பிரகாரம் சுற்றுகிறார்கள். 2017 ஆகஸ்ட்டில் மத்திய அரசு இந்தச் செயற்கை மூட்டுகளுக்கு விலை உச்சவரம்பு கொண்டுவந்தது. ஒன்றரை லட்சத்தைத் தாண்டியிருந்த சாதாரண கோபால்ட்-குரோமியம் மூட்டு, வரி நீங்கலாக 54,720 ரூபாய்க்கு இறங்கியது. நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டுகிற விஷயமாகிவிட்டது. நம் தெருவிலேயே நாலு பேர் செய்துகொண்டிருப்பார்கள்.

அதனால்தான் அந்த ஐந்தாவது ஆள் பாடு திண்டாட்டம். பணம் கட்டியாகிவிட்டது. எக்ஸ்-ரே 'பர்ஃபெக்ட்' என்கிறது. எதிர்வீட்டு மாமி இதே ஆபரேஷன் செய்துகொண்டு காசி யாத்திரை போய்விட்டு வந்துவிட்டார். இவருக்கு மட்டும் வலிக்கிறது. கணக்குப் புத்தகத்தில் வரவும் செலவும் டேலி ஆகாதபோது என்ன செய்வோம்? யாரோ தப்பாக எழுதியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படுவோம். எக்ஸ்-ரே பொய் சொல்லாது. அப்படியென்றால்..?

*

நம் எல்லோர் மண்டைக்குள்ளும் ஒரு படம் இருக்கிறது. பிரெஞ்சு தத்துவ ஞானி ரெனே டெகார்த் எழுதி, அவர் இறந்த பிறகு 1664-ல் பிரெஞ்சில் வெளியான புத்தகத்தில் வருகிற படம் அது. ஒரு பையன் நெருப்புக்குப் பக்கத்தில் காலை வைத்திருக்கிறான். காலிலிருந்து மூளைக்கு ஒரு நூல் போகிறது. கோயில் மணியின் கயிற்றைக் கீழே இழுத்தால் மேலே மணி அடிக்கிற மாதிரி, கீழே சுட்டால் மேலே வலிக்கிறது. ரொம்ப எளிமை. ரொம்ப அழகு. பாதிதான் சரி!

இந்தப் படத்தை நம்பினால், கயிற்றை யாரும் இழுக்காதபோது மணி அடிக்கக் கூடாது. அடித்தால் கேட்டவருக்குத்தான் காதில் கோளாறு.

ஆனால், மணி அடிக்கத்தான் செய்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் கைகால்களை இழந்த சிப்பாய்கள், இல்லாத காலில் வலிக்கிறது என்று துடித்தார்கள். அவர்களைக் கவனித்த டாக்டர் சைலஸ் வெயர் மிச்செல், 1871-ல் இதற்குப் 'பேய் உறுப்பு' என்று பொருள்படும்படி ஒரு பெயர் வைத்தார். அதற்கு நூற்றிருபது வருடங்கள் கழித்து, நம் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டுக் கலிஃபோர்னியா போன வி.எஸ்.ராமச்சந்திரன், ஒரு அட்டைப்பெட்டியில் கண்ணாடியைச் செருகி அந்தப் பேயுடன் பேச்சுவார்த்தை நடத்தினார். நல்ல கையின் பிம்பம், இழந்த கை இருக்கவேண்டிய இடத்தில் தெரியும். அது அசைவதைப் பார்த்ததும், சிலருக்கு வருஷக்கணக்கான வலி தளர்ந்தது. காலே இல்லை, வலி இருக்கிறது. கண்ணாடியைக் காட்டினால் வலி குறைகிறது. டெகார்த்தின் கயிறு இங்கே எங்கே இருக்கிறது?

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் இத்தாலியப் போர்முனையில் வேலை பார்த்த ஹென்றி பீச்சர் என்ற மயக்க மருந்து டாக்டர் 1946-ல் எழுதியது இது. படுகாயத்தோடு கொண்டுவரப்பட்ட சிப்பாய்களிடம் 'வலி மருந்து வேண்டுமா' என்று கேட்டால், நான்கில் மூன்று பேர் வேண்டாம் என்றார்களாம். அவர்களுக்கு அந்தக் காயம், வீட்டுக்குப் போக டிக்கெட். சாவிலிருந்து தப்பித்த நிம்மதி வலியை அமுக்கிவிட்டது என்று பீச்சர் நினைத்தார்.

ஆக, காயமில்லாமல் வலி உண்டு. காயமிருந்தும் வலி இல்லாமல் போவது உண்டு. காயமும் வலியும் ஒட்டிப் பிறந்த இரட்டையர் இல்லை. ஒரே தெருவில் வசிப்பவர்கள், அவ்வளவுதான்.

1965-ல் ரொனால்ட் மெல்ஸாக், பேட்ரிக் வால் என்று இரண்டு பேர் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்கள். தண்டுவடத்தில் ஒரு கேட் இருக்கிறது. கீழேயிருந்து வருகிற வலிச் செய்திகளில் எதை உள்ளே விடுவது, எதைத் திருப்பி அனுப்புவது என்று அங்கே முடிவாகிறது. அந்த வாட்ச்மேனுக்கு மேலே மூளையிலிருந்தும் உத்தரவு வரும். விவரங்களில் பிறகு நிறைய திருத்தங்கள் வந்தன. ஆனால், 'கேட் இருக்கிறது, மேலேயிருந்து உத்தரவு வருகிறது' என்ற அடிப்படை நின்றுவிட்டது. 1983-ல் கிளிஃபோர்ட் உல்ஃப் என்பவர் இன்னொன்றைக் காட்டினார். அடிபட்ட பிறகு தண்டுவடமே கூர்மையாகிவிடுகிறது. வால்யூமைத் திருகிவைத்த ரேடியோ மாதிரி, சின்னச் சத்தமும் அலறலாகக் கேட்கிறது.

பத்துப் பதினைந்து வருஷம் தேய்ந்த முட்டியோடு நடந்தவருக்கு, அத்தனை வருஷமும் அந்த ரேடியோ அலறிக்கொண்டிருந்தது. சர்ஜன் முட்டியை மாற்றினார். ரேடியோவின் வால்யூம் சிலருக்குத் தானாக இறங்கிவிடுகிறது. சிலருக்கு இறங்குவதில்லை. அவர்களுக்கு வலிப்பது உலோகம் அல்ல. ஞாபகமும் அல்ல. நிஜமான நரம்பில், நிஜமான மின்சாரம்.

*

இந்த இடத்தில்தான் கதைக்குள் ஒரு மாத்திரை வருகிறது.

டுலோக்ஸெடின். அமெரிக்காவில் 2004-ல் டிப்ரஷனுக்கு, அதாவது மனச்சோர்வுக்கு, அனுமதி பெற்ற மருந்து. அதே வருஷம் சர்க்கரை நோயாளிகளின் நரம்பு வலிக்கும் அனுமதி கிடைத்தது. 2010-ல் நாள்பட்ட மூட்டு, முதுகு வலிகளுக்கும். மேலேயிருந்து தண்டுவட வாட்ச்மேனுக்கு உத்தரவு கொண்டுபோகிற தபால்காரர்கள் செரட்டோனின், நார்-அட்ரினலின் என்ற இரண்டு ரசாயனங்கள். இந்த மாத்திரை அவர்களைச் சீக்கிரம் வீட்டுக்குப் போகவிடாமல் கொஞ்ச நேரம் கூடுதலாக வேலை பார்க்கவைக்கிறது. கேட் ஓரளவு மூடுகிறது. வால்யூம் ஓரளவு இறங்குகிறது.

'ஓரளவு' என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். இது மந்திரம் இல்லை. நாள்பட்ட வலிக்கு டிப்ரஷன் மருந்துகள் எந்த அளவுக்கு உதவுகின்றன என்று 176 ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்து 2023-ல் காக்ரேன் அமைப்பு பரிசீலித்தது. அத்தனை மருந்துகளில் ஓரளவு நம்பிக்கையோடு சொல்லக்கூடியது டுலோக்ஸெடின் மட்டும்தான் என்றது. அதுவும் மிதமான பலன்தான். முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு முதல் சில வாரங்களுக்கு இதைக் கொடுத்து நியூயார்க்கில் 2016-ல் ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். இரண்டு வாரம் கழித்து, நடக்கும்போது வருகிற வலியில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால், மார்ஃபின் ஜாதியைச் சேர்ந்த மாத்திரைகளின் தேவை குறைந்தது. நரம்பு கூர்மையாகிவிட்டவர்களுக்கு மட்டும் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் பலன் கூடுதல் என்று கொரியாவிலிருந்து ஓர் ஆராய்ச்சி சொல்கிறது.

எனவே ஒரு நல்ல டாக்டர் என்ன செய்வார்? முதலில் மூட்டில் கிருமித் தொற்று இருக்கிறதா, பொருத்தியது ஆட்டம் கண்டிருக்கிறதா, வலி இடுப்பிலிருந்தோ முதுகிலிருந்தோ வருகிறதா என்று தேடுவார். ஒன்றுமில்லை என்று உறுதியான பிறகு, 'வாங்க, இதை முயற்சி பண்ணிப் பார்ப்போம்' என்று இந்த மாத்திரையை எழுதுவார். இதில் எந்தத் தப்பும் இல்லை.

சிக்கல், மெடிக்கல் ஷாப்பில் ஆரம்பிக்கிறது.

*

என் தூரத்து உறவில் ஒரு அத்தை. எழுபதை நெருங்குகிறவர். முப்பது வருஷம் பள்ளிக்கூட டீச்சர். வலது முட்டியை மாற்றிக்கொண்டார். ஐந்து மாதம் கழித்தும் ராத்திரி தூங்கவிடாத வலி. எக்ஸ்-ரே, ரத்தப் பரிசோதனை எல்லாம் சுத்தம். டாக்டர் இந்த மாத்திரையை எழுதினார். அத்தையின் மகன், அம்மா ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கும்போது டாக்டரிடம் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். 'அம்மாகிட்ட டிப்ரஷன் மாத்திரைன்னு சொல்லிடாதீங்க டாக்டர், சாப்பிட மாட்டாங்க' என்றார். டாக்டர் தலையாட்டினார். 'நரம்புக்குச் சத்து மாத்திரை' என்று அம்மாவுக்குச் சொல்லப்பட்டது.

மூன்றாவது வாரம் மாத்திரை தீர்ந்துபோய், அத்தை தானே கடைக்குப் போனார். கடைப் பையன் சீட்டைப் பார்த்துவிட்டு, நல்லெண்ணத்தில்தான், 'யாருக்கு பாட்டி டிப்ரஷன்?' என்று கேட்டுவிட்டான்.

அன்றைக்கு ராத்திரி வீட்டில் நடந்ததை விவரிக்கத் தேவையில்லை. 'எனக்குப் பைத்தியம்னு முடிவே பண்ணிட்டீங்களா? முட்டி வலிக்குதுன்னா மூளைக்கு மாத்திரை தர்றான். நீயும் சேர்ந்துக்கிட்டு சத்து மாத்திரைங்கற...' மகன் சமாதானம் சொல்லச் சொல்ல, விஷயம் இன்னும் மோசமானது. மாத்திரையை அன்றோடு நிறுத்திவிட்டார். திடீரென்று நிறுத்தியதால் நாலு நாள் தலைசுற்றல், குமட்டல், தூக்கமின்மை. நிறுத்துவதாக இருந்தால் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. சத்து மாத்திரையை யாராவது படிப்படியாக நிறுத்துவார்களா?

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அத்தை வலியைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார். 'எப்படியிருக்கு அம்மா?' என்றால், 'ம், தேவலை.' மகனுக்கு நிம்மதி. வலி போய்விட்டது என்று நினைத்துக்கொண்டார். வீட்டு வேலை செய்கிற அம்மாள்தான் ஒருநாள் சொன்னார். யாரும் பார்க்காதபோது அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார் என்று.

*

இப்போது கேள்வி. மகன் செய்தது தப்பா?

அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதாதீர்கள். அவர் கெட்டவர் இல்லை. லீவு போட்டு, பணம் புரட்டி, ஆஸ்பத்திரி பெஞ்சில் ராத்திரி தூங்கியவர். நம்மில் பத்துக்கு ஒன்பது பேர் இதைத்தான் செய்திருப்போம். அவர் பக்கத்தில் திருவள்ளுவரே இருக்கிறார் என்றுகூட வாதாடலாம். குற்றமில்லாத நன்மையைத் தருமானால் பொய்யும் உண்மையின் இடத்தில் உட்காரலாம் என்று அனுமதி கொடுத்தவர் அவர். எந்தச் சூழ்நிலையிலும் பொய் கூடாது என்று 1797-ல் ஒரு கட்டுரையே எழுதி அடம்பிடித்த ஜெர்மன்காரர் கான்ட்டை விட, நம் வள்ளுவர் குடும்பஸ்தர்களின் கஷ்டம் தெரிந்தவர்.

ஆனால், வள்ளுவர் போட்ட கண்டிஷனைக் கவனியுங்கள். நன்மை தந்தால் மட்டும் போதாது. அந்த நன்மையில் கறை இருக்கக் கூடாது. இந்தப் பொய் அந்தப் பரீட்சையில் பாஸாகுமா?

ஆகாது. மூன்று காரணங்கள்.

முதல் காரணம், உடம்பு. இந்த மாத்திரையைச் சாப்பிடுகிறவருக்கு அது என்ன என்று தெரிந்தே ஆகவேண்டும். வயதானவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் குறையலாம், தலைசுற்றி விழலாம். ஆபரேஷனுக்குப் பிறகு சகஜமாக எழுதப்படும் டிரமடால் என்ற வலி மாத்திரையுடன் இது சேர்ந்தால் அபூர்வமாக நடுக்கம், காய்ச்சல், குழப்பம் என்று ஆபத்தில் கொண்டுபோய் விடலாம். இன்னொரு டாக்டரிடம் போய் 'நீங்க என்ன மாத்திரை சாப்பிடறீங்க?' என்று அவர் கேட்டால், அத்தை 'ஏதோ சத்து மாத்திரை' என்றுதானே சொல்வார்?

இரண்டாவது, அந்தப் பொய் தேவையே இல்லை. 'உண்மையைச் சொன்னால் மருந்து வேலை செய்யாது' என்று ஒரு நம்பிக்கை நமக்கு உண்டு. 2010-ல் ஹார்வர்டைச் சேர்ந்த டெட் காப்சுக் என்பவர், குடல் கோளாறு உள்ள 80 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார். ஒரு பகுதியினரிடம் 'இது வெறும் மாவு மாத்திரை, உள்ளே மருந்து கிடையாது' என்று பட்டவர்த்தனமாகச் சொல்லியே கொடுத்தார். எதுவுமே கொடுக்கப்படாதவர்களைவிட அவர்களுக்கு அதிகமாகவே தேவலையானது. வெறும் மாவே உண்மையைத் தாங்குகிறது என்றால், நிஜ மருந்து தாங்காதா?

மூன்றாவது காரணம்தான் பெரியது. மகன் மறைத்தது மாத்திரையின் பெயரை மட்டும் இல்லை. 'இதைத் தாங்குகிற பக்குவம் உனக்கு இல்லை' என்ற தன் அபிப்பிராயத்தையும் சேர்த்து மறைத்தார். பொய் வெளியே வந்தபோது அத்தைக்குத் தெரியவந்தது மாத்திரையின் பெயர் அல்ல, அந்த அபிப்பிராயம். முப்பது வருஷம் அடுத்தவர் பிள்ளைகளுக்குப் புரியாததைப் புரியவைத்தவர் அவர். அவருக்குப் புரியவைக்க ஒரு பத்து நிமிஷத்தை யாரும் ஒதுக்கவில்லை.

*

இதைவிட ஆழமான ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. அத்தைக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது?

மருந்துக்குத் தன் பெயர் தெரியாது. ஆண்களுக்கான அந்தப் புகழ்பெற்ற நீல மாத்திரையின் மருந்து, சில்டெனாஃபில், முதலில் நெஞ்சு வலிக்காக ஆராயப்பட்டது. இப்போது நுரையீரல் ரத்தக்குழாய் அழுத்தத்துக்குக் கைக்குழந்தைகளுக்குக்கூடத் தருகிறார்கள். தலைவலி மாத்திரையான ஆஸ்பிரின், மாரடைப்புக்காரர்களின் சட்டைப் பையில் இருக்கிறது. டிப்ரஷன் மருந்துகளின் கதையே காசநோய் வார்டில்தான் தொடங்கியது. 1952-ல் நியூயார்க்கின் சீ வியூ ஆஸ்பத்திரியில் இப்ரோனியாசிட் என்ற காசநோய் மருந்தைச் சாப்பிட்டவர்கள் திடீரென்று உற்சாகமானதைப் பார்த்துத்தான், இதை மனச்சோர்வுக்குக் கொடுத்தால் என்ன என்று யோசித்தார்கள். நம் டுலோக்ஸெடினையே எடுத்துக்கொள்ளுங்கள். இருமினால், தும்மினால் சிறுநீர் கசிகிற பெண்களுக்கு ஐரோப்பாவில் 2004-ல் அனுமதித்தார்கள். 'உங்க சிறுநீர் கசிவு உங்க மனசுலதான் இருக்கு' என்று யாரும் சொல்லவில்லை!

இதையெல்லாம் சொல்லி அத்தையைச் சமாதானப்படுத்தலாம். 'இது உங்க மனசுக்கு இல்ல, நரம்புக்கு' என்று. பெரும்பாலான டாக்டர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். உண்மையும்கூட. ஆனால், அதில் எனக்கு ஒரு சின்ன உறுத்தல். அந்த வாக்கியத்துக்கு அடியில் இன்னொரு வாக்கியம் ஒளிந்திருக்கிறது. 'கவலைப்படாதீங்க, நீங்க அந்த ஜாதி இல்ல.' எந்த ஜாதி? டிப்ரஷன் வந்து, அதற்காகவே இந்த மாத்திரையைச் சாப்பிடுகிற லட்சக்கணக்கான பேர். அத்தைக்கு மரியாதையைத் திருப்பிக் கொடுக்க, அவர்களிடமிருந்து பிடுங்குகிறோம்.

'மனசுல இருக்கு' என்பதை நம் ஊரில் 'பொய்' என்பதற்கு மரியாதையான வார்த்தையாகத்தான் பயன்படுத்துகிறோம். அத்தைக்கு வந்த கோபத்தின் வேர் அங்கே இருக்கிறது. மனசில் இருப்பது பொய்யா என்ன? 1978-ல் சான்ஃபிரான்ஸிஸ்கோவில் கடைவாய்ப்பல் பிடுங்கிக்கொண்டவர்களுக்குப் பொய் மருந்து கொடுத்தார்கள். சிலருக்கு வலி குறைந்தது. பிறகு, உடம்பே தயாரிக்கிற மார்ஃபினைத் தடுக்கிற நலாக்ஸோன் என்ற மருந்தை ஏற்றியபோது, அவர்களுக்கு வலி திரும்பி வந்தது. 'வெறும் நம்பிக்கை' என்று நாம் அலட்சியமாகச் சொன்னது, உடம்புக்குள் நிஜ ரசாயனத்தைச் சுரந்திருக்கிறது. மனசு என்பது உடம்புக்கு மேலே மிதக்கிற புகை இல்லை. அதுவும் உடம்பில்தான் நடக்கிறது.

சரி, அத்தைக்கு முட்டி வலியோடு கொஞ்சம் மனச்சோர்வும் இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். ஐந்து மாதம் தூங்காமல் இருந்தால் யாருக்குத்தான் வராது? வலி சோர்வைக் கொண்டுவரும். சோர்வு வலியின் வால்யூமைக் கூட்டும். அப்படியிருந்தால் அவருடைய வலி எந்த விதத்தில் கள்ள நோட்டாகிவிடும்?

*

'அப்படியானால், வலிக்குதுன்னு யார் சொன்னாலும் நம்பணுமா?' என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நடிக்கிறவர்கள் இல்லையா? மருமகள் காப்பி போடுகிற நேரம் பார்த்து முட்டி பிடித்துக்கொள்கிற மாமியார்கள் இல்லையா? இன்ஷூரன்ஸுக்காக நொண்டுகிறவர்கள் இல்லையா?

இருக்கிறார்கள். ஆனால், இரண்டு வகைத் தப்புகளையும் எடைபோட்டுப் பாருங்கள். நடிப்பவரை நம்பிவிட்டால் நமக்கு நஷ்டம் கொஞ்சம் நேரம், கொஞ்சம் பணம், ஒரு டம்ளர் காப்பி. நிஜமாக வலிப்பவரை நம்பாமல் விட்டால், அவர் தன் உடம்பைப் பற்றிய செய்தியை வெளியே சொல்கிற ஒரே வழியை நாம் அடைத்துவிடுகிறோம். வலிக்கு ரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேன் கிடையாது. ஒரே ஒரு சாட்சிதான் உண்டு. அந்தச் சாட்சியைக் கூண்டிலிருந்து இறக்கிவிட்டால் வழக்கே இல்லை. வலி ஆராய்ச்சிக்கான சர்வதேச சங்கம் 2020-ல் வலிக்கான இலக்கணத்தைத் திருத்தி எழுதியபோது, ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்று தனியாகவே ஒரு குறிப்பு சேர்த்தது. அறிஞர்கள் கூடி இதை எழுத வேண்டியிருந்தது என்பதே, நடைமுறையில் எத்தனை பேர் மதிக்கப்படவில்லை என்பதற்கு அத்தாட்சி.

ஆனால், நம்புவது வேறு, கேட்டதைக் கொடுப்பது வேறு. இதைக் குழப்பிக்கொண்டதற்கு அமெரிக்கா பெரிய விலை கொடுத்தது. 1990-களின் நடுவில் அங்கே 'நோயாளி சொல்லும் வலியை நம்புங்கள்' என்று ஓர் இயக்கமே நடந்தது. நல்ல நோக்கம்தான். அதற்குள் மருந்துக் கம்பெனிகளின் வியாபாரமும் நுழைந்துகொள்ள, நம்புவது என்றாலே மார்ஃபின் ஜாதி மாத்திரையை அள்ளிக் கொடுப்பது என்று ஆகிவிட்டது. லட்சக்கணக்கான பேர் அந்த வகை மருந்துகளுக்கு அடிமையாகி உயிரை விட்டார்கள். ஆக, 'உங்களை நம்புகிறேன், ஆனால் இந்த மருந்து வேண்டாம்' என்று சொல்லவும் ஒரு டாக்டருக்குத் தெரிய வேண்டும். 'உங்களை நம்புகிறேன், அதனால்தான் இந்த விநோதமான மருந்தைத் தருகிறேன்' என்று சொல்லவும் தெரிய வேண்டும்.

இரண்டாவது வாக்கியத்தைக் கவனியுங்கள். ஒரே மாத்திரையை இரண்டு விதமாகக் கொடுக்கலாம். 'எக்ஸ்-ரேயில் ஒன்றுமில்லை, இதைச் சாப்பிடுங்க' என்று எழுதிக்கொடுத்துவிட்டு அடுத்த நோயாளிக்கு மணி அடித்தால், அது வாயை மூடுகிற மாத்திரை. 'எக்ஸ்-ரேயில் தெரியாத வலியும் உண்டு, உங்களுக்கு அதுதான்' என்று சொல்லிக் கொடுத்தால், அது நம்பிக்கையின் அத்தாட்சி. உள்ளே இருக்கும் மில்லிகிராம் ஒன்றுதான்.

அத்தை விஷயத்தில் இரண்டாவது வகைப் பேச்சு கொஞ்சம் தாமதமாக நடந்தது. செய்தவர் பிஸியோதெரபிஸ்ட் பெண். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அந்த வேலைக்கார அம்மாள் சொன்னது காதில் விழுந்து, அத்தையைப் பக்கத்தில் உட்காரவைத்து, காகிதத்தில் முட்டி, தண்டுவடம், மூளை என்று மூன்று வட்டம் போட்டு விளக்கியிருக்கிறார். 'இது டிப்ரஷனுக்கும் தர்ற மாத்திரைதான், மறைக்கல. வலிக்கும் தர்றாங்க. மூணு நாலு வாரம் ஆகலாம். குமட்டும், வாய் உலரும். சரியா வரலைன்னா மெதுவா குறைச்சு நிறுத்திடலாம். சாப்பிடறதும் வேண்டாம்கறதும் உங்க இஷ்டம் ஆன்ட்டி.' அத்தை டீச்சர் இல்லையா? எதிர்க்கேள்விகள் நிறைய கேட்டாராம். டாக்டரிடமும் போய்க் கேட்டுவிட்டு, மறுபடி ஆரம்பித்தார். வலி முழுக்கப் போகவில்லை. ராத்திரி ஐந்து மணி நேரம் தூங்குகிறார். மகனிடம் மறுபடியும் 'வலிக்குதுடா' என்று சொல்ல ஆரம்பித்திருக்கிறார். மாத்திரையின் பலனைவிட எனக்கு இது பெரிய முன்னேற்றமாகத் தெரிகிறது.

அவர் யோசித்துவிட்டு 'வேண்டாம்' என்று சொல்லியிருந்தால்? அதுவும் சரிதான். மிதமான பலனும் சில பக்கவிளைவுகளும் உள்ள ஒரு மருந்தை, விவரம் தெரிந்து மறுப்பதற்கு எழுபது வயதுப் பெண்ணுக்கு உரிமை உண்டு. விவரம் தெரியாமல் மறுக்கவைத்ததுதான் அநியாயம். விவரம் தெரியாமல் சாப்பிடவைத்ததும் அதே அநியாயம்தான். என்ன, அதில் நமக்கு வசதி அதிகம்.

உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கலாம். முட்டியோ, முதுகோ, தோளோ. ரிப்போர்ட் எல்லாம் நார்மல் என்று வந்த பிறகும் முகம் சுளித்துக்கொண்டு எழுந்திருப்பவர். 'இன்னுமா வலிக்குது?' என்று கேட்கிறோம். அது கேள்வி இல்லை, குறுக்கு விசாரணை. அதற்குப் பதிலாக 'எப்போ ஜாஸ்தியா இருக்கு?' என்று கேட்டுப் பாருங்கள். முதல் கேள்விக்கு 'இல்லை, தேவலை' என்றுதான் பதில் வரும். இரண்டாவது கேள்விக்குப் பதில் வர ஆரம்பித்தால், உட்கார்ந்து கேட்க அரை மணி நேரமாவது கையில் வைத்திருங்கள்.